பெட்ரோல் யாருக்கும் வேண்டாம் என்றால் கச்சா எண்ணெயை என்ன செய்வார்கள்?

"மின்சாரக் கார்கள் பெருகினால் பெட்ரோல் பங்க்குகள் சார்ஜிங் நிலையங்களாக மாறிவிடும், சரி, எண்ணெய் கம்பெனிக்காரர்கள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்வியின் முதல் பாதியில் அவர் "சரி" என்று தாண்டிப் போன விஷயம் அவ்வளவு சரி இல்லை, அதனால் அதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு இரண்டாம் பாதிக்குப் போகிறேன். எனக்குப் பிடித்த வேதியியல் அங்கேதான் இருக்கிறது.

பங்க்கில் இருக்கும் குழாய் நிமிடத்துக்கு 35 லிட்டர் பெட்ரோல் ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். கணக்குப் போட்டால் அந்தக் குழாய் வழியாகப் போகும் திறன் ஏறத்தாழ 19 மெகாவாட். வேகமான சார்ஜர் என்று சொல்லப்படுவது 150 கிலோவாட் தரும், அதாவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. பெட்ரோல் எஞ்சின் தனக்குள் போகும் ஆற்றலில் முக்கால் பங்கைச் சூடாக வெளியே விட்டுவிடும், மின்மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை என்பதால் உண்மையான இடைவெளி குறைகிறதுதான், அப்போதும் முப்பது மடங்குக்கு மேல் நிற்கிறது. மூன்று நிமிட வேலை அரைமணி நேரமாவது இதனால்தான். அதிலும் பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும், லித்தியம் அயனிகள் பேட்டரியின் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்கார இடம் தேடத் தொடங்கும். அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும் என்பதால் காரே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது.

பங்க் நடத்துபவரின் பார்வையில் இதற்கு அர்த்தம், ஒரு வண்டி பிடித்துக்கொள்ளும் இடமும் நேரமும் பல மடங்கு ஆகிவிட்டது என்பது. இதுவரை சில பம்பு மோட்டார்களுக்கும் விளக்குகளுக்கும் மட்டும் மின்சாரம் வாங்கியவர், ஆறு சார்ஜர் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மெகாவாட் இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். மின்வாரியம் புது மின்மாற்றி வைக்க வேண்டியிருக்கும். அது தாமதமாகும் இடங்களில் ஒரு பெரிய பேட்டரியை நிலையத்திலேயே வைத்து, நாள் முழுக்க மெதுவாக நிரப்பி, வண்டி வரும்போது வேகமாகக் கொட்டுகிறார்கள். நல்ல யோசனைதான், செலவுதான் கண்ணைக் கட்டும். இன்னொரு பக்கம், அரைமணி நேரம் சும்மா நிற்கும் வாடிக்கையாளர் காபி குடிப்பார், எதையாவது வாங்குவார். பல நாடுகளில் பங்க்குகள் எரிபொருளைவிடக் கடையில்தான் நல்ல லாபம் பார்க்கின்றன என்பதால் இந்தக் காத்திருப்பு அவர்களுக்குக் கசக்கவில்லை. லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் இருந்த தன் பங்க் ஒன்றில் ஷெல் நிறுவனம் பெட்ரோல், டீசல் பம்புகளை முழுதாக அகற்றிவிட்டு 175 கிலோவாட் சார்ஜர்களையும் காபிக் கடையையும் வைத்து 2022 ஜனவரியில் திறந்தது இந்தக் கணக்கில்தான். அதற்கு முன்பே 2017இல் நெதர்லாந்தின் நியூமோஷன் என்ற சார்ஜிங் நிறுவனத்தை ஷெல் வாங்கியிருந்தது. இன்னொரு எண்ணெய் நிறுவனமான பிபி 2018இல் பிரிட்டனின் சார்ஜ்மாஸ்டர் என்ற சார்ஜிங் நிறுவனத்தை 130 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது.

ஆனால் எல்லாப் பங்க்குக்கும் இந்த வழி கிடைக்காது. வீட்டில் வண்டி நிறுத்த இடம் உள்ளவர்கள் இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்துவிடுவார்கள். அதனால் ஊருக்குள் குறுகலான இடத்தில் இருக்கும் பங்க்குக்குத்தான் முதல் அடி, நெடுஞ்சாலையோரம் இருப்பது தப்பிக்கும். மூடுவதும் சும்மா இல்லை. தரைக்கடியில் இருக்கும் தொட்டிகளை எடுக்க வேண்டும், எண்ணெய் கசிந்த மண்ணைச் சுத்தப்படுத்த வேண்டும், அதற்கப்புறம்தான் அந்த நிலத்தை வேறு எதற்காவது விற்க முடியும்.

பங்க் கதை இவ்வளவுதான். இப்போது சுத்திகரிப்பு ஆலைக்கு வருவோம்.

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர் கச்சா எண்ணெய். அதைச் சூடாக்கிக் கொதிநிலைவாரியாகப் பிரித்தால் எரிவாயு, நாப்தா (பெட்ரோலுக்கு மூலமான பகுதி), மண்ணெண்ணெய், டீசல், அடியில் தார் என்று வரிசையாக வரும் என்பது பள்ளிப் பாடம். பாடத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: இது ஒரு பொட்டலம், இதில் ஒன்று மட்டும் போதும் என்று சொல்ல முடியாது. கார்கள் மின்சாரத்துக்கு மாறுகின்றன, நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார்கள். ஆனால் விமானம் பறக்க மண்ணெண்ணெய் ரகம்தான் வேண்டும், கப்பலும் பெரிய லாரியும் லேசில் மாறாது, சாலை போடத் தார் வேண்டும். ஆக மற்றதெல்லாம் வேண்டும், பெட்ரோல் மட்டும் வேண்டாம் என்ற நிலை வரப்போகிறது. பீப்பாயிலிருந்து வரும் பெட்ரோலைக் கடலிலா கொட்டுவது?

இதே சிக்கல் தலைகீழாக ஒருமுறை வந்திருக்கிறது. எண்ணெய்த் தொழில் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில் எல்லோருக்கும் வேண்டியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். பெட்ரோல் வாங்க ஆளில்லாத பக்கப்பொருள். பிறகு கார் வந்தது, பெட்ரோல் போதவில்லை. கனமான பெரிய மூலக்கூறுகளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உடைத்து பெட்ரோல் ஆக்கும் முறைக்கு வில்லியம் பர்ட்டன் 1913இல் காப்புரிமை வாங்கினார். வினையூக்கி வைத்து உடைக்கும் யூஜின் ஹூட்ரியின் முறை 1937இல் பெரிய அளவில் ஓடத் தொடங்கியது. வினையூக்கியைத் தூளாக்கித் திரவம் போல ஓடவிட்டு உடைக்கும், இன்று உலகம் முழுக்க உள்ள முறை 1942இல் அமெரிக்காவில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் வந்தது. அந்த முறைதான் இப்போது பெட்ரோலைக் குறைக்கும் வேலைக்கும் கைகொடுக்கிறது என்பதில் எனக்கு அலாதி மகிழ்ச்சி, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உயரமான ஒரு செங்குத்துக் குழாய். அதன் அடியில் 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான வினையூக்கித் தூள் வந்து கொட்டுகிறது. துகள் ஒவ்வொன்றும் சராசரியாக 70 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமன் அளவு. காற்றோ நீராவியோ ஊதினால் இந்தத் தூள் திரவம் போலவே ஓடும், வால்வு வைத்துத் திறந்து மூடலாம். கனமான எண்ணெயை அதன் மேல் தெளித்தவுடன் அது ஆவியாகிறது, பல மடங்கு விரிகிறது, தூளையும் இழுத்துக்கொண்டு மேலே பாய்கிறது. குழாயின் உச்சியை அடைய இரண்டு முதல் நான்கு விநாடி, அதற்குள் உடைப்பு வேலை முடிந்துவிடும். உச்சியில் ஆவி ஒரு பக்கம் பிரிகிறது. தூள் மேல் கரி படிந்து கறுத்திருக்கும், அதை வேறொரு கலத்துக்கு அனுப்பிக் காற்று ஊதினால் கரி எரிகிறது, தூள் சுத்தமாவதோடு மறுபடியும் 700 டிகிரிக்குச் சூடாகி அடியில் வந்து விழுகிறது. உடைப்பதற்கு வேண்டிய வெப்பத்தை, உடைக்கும்போது உண்டான கழிவே தந்துவிடுகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி, இடைநிற்காமல் சில ஆண்டுகள் ஓடும்.

தூளுக்குள் இருப்பது ஜியோலைட் என்ற படிகம். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து கட்டிய கூடு, உள்ளே மூலக்கூறு அளவில் சுரங்கப் பாதைகள். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அலுமினியம் உட்கார்ந்தால் ஒரு நேர்மின்சுமை குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப ஒரு ஹைட்ரஜன் அயனி பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் அதன் பிடி பலமாக இல்லை. இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன் எதாவது அந்த வழியே வந்தால் அயனி அதன் மேல் தாவிவிடும். இப்போது கார்பன் சங்கிலியில் ஒரு கார்பன் நேர்மின்சுமையோடு நிற்கிறது. இந்தச் சுமைக்குச் சங்கிலியின் கடைசிக் கார்பனில் உட்காரப் பிடிக்காது, அங்கே நிலைத்தன்மை குறைவு, அதனால் இரண்டாவதிலாவது போய் உட்காரும். சுமையை ஒட்டிய பிணைப்பு இரட்டைப் பிணைப்பாக மாற, அதற்கடுத்த பிணைப்பு அறுந்துவிடும். சுமை இரண்டாவது கார்பனில் என்றால் வெட்டு விழுவது மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில். எண்ணிப் பாருங்கள், மூன்று கார்பனும் ஓர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட துண்டு தனியே வந்து விழுகிறது. அதுதான் புரோப்பிலீன், பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். மிச்சச் சங்கிலி சுமையை எடுத்துக்கொண்டு, தன்னைக் கொஞ்சம் மாற்றியமைத்துக்கொண்டு, அடுத்த உடைப்புக்குப் போகும்.

வழக்கமாகப் பயன்படும் ஒய் வகை ஜியோலைட்டின் வாசல் 0.74 நானோமீட்டர். அதில் பெரிய மூலக்கூறுகளும் நுழைந்து உடைந்து பெரும்பாலும் பெட்ரோல் அளவுக்கு வந்து நிற்கும். மொபில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1972இல் காப்புரிமை பெற்ற இசட்எஸ்எம்-5 என்ற இன்னொரு ஜியோலைட்டின் வாசல் சுமார் 0.55 நானோமீட்டர்தான். ஒல்லியான நேர்ச்சங்கிலி அதில் நுழைந்துவிடும், கிளை விரிந்த மூலக்கூறு நுழையாது, மடக்கிய குடை போகும் சந்தில் விரித்த குடை போகாத மாதிரி. ஆக, ஒய் வகை செய்துவைத்த பெட்ரோலில் இருக்கும் நேர்ச்சங்கிலிகள் மட்டும் இந்தக் குறுகிய சுரங்கத்துக்குள் போய் மேலும் உடைந்து புரோப்பிலீனாக, பியூட்டிலீனாக வெளியே வருகின்றன. கிளையுள்ளவை தப்பித்துப் பெட்ரோலிலேயே தங்குகின்றன.

நேர்ச்சங்கிலிகளுக்கு ஆக்டேன் எண் குறைவு, அதாவது எஞ்சினுக்குள் நேரம் தவறித் தானாகவே பற்றிக்கொண்டு 'டக் டக்' என்று தட்டும். 1980களில் பெட்ரோலில் ஈயம் கலப்பதைக் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஆக்டேனை உயர்த்த வேறு வழி தேவைப்பட்டது, அதற்காகத்தான் இசட்எஸ்எம்-5ஐ ஆலைகள் தூளில் ஒரு கைப்பிடி சேர்க்க ஆரம்பித்தன. புரோப்பிலீன் கூடவே வந்த உபரி வரவு. நல்ல பெட்ரோல் கிடைக்கச் சேர்த்த அதே சரக்கை, பெட்ரோல் குறைந்து பிளாஸ்டிக் மூலப்பொருள் கூட வேண்டும் என்பதற்காக இன்று இன்னும் அதிகமாகச் சேர்க்கிறார்கள். கோபுரமும் குழாய்களும் அப்படியே இருக்க, தூளின் கலவையை மாற்றியே ஆலையின் விளைச்சலை ஓரளவு திருப்பிவிட முடிகிறது. இந்தியன் ஆயில் ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கிப் பாரதீப் ஆலையில் ஓடும் இண்ட்மேக்ஸ் என்ற உடைப்பு முறை, சீனாவின் சினோபெக் உருவாக்கிய ஆழ் உடைப்பு முறை எல்லாம் இந்தத் திசையில் இன்னும் தூரம் போனவை.

இங்கே ஒரு சின்ன ஆதங்கம். இசட்எஸ்எம்-5இன் அணு அமைப்பு பதிப்பிக்கப்பட்டதே 1978இல்தான், காப்புரிமைக்கு ஆறு ஆண்டு கழித்து. அதாவது இன்ன வடிவம் என்று உலகுக்குத் தெரியும் முன்பே அந்தப் படிகத்தை வளர்த்து, என்னவெல்லாம் செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், மின்காரை மனதில் வைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. "இதனால் அடுத்த காலாண்டில் என்ன லாபம்?" என்று கேட்டுக் கேட்டு ஆய்வுக்குப் பணம் தரும் இன்றைய வழக்கத்தில் இப்படி ஒன்று பிறக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

நிறுவனங்களின் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் இந்த வேதியியலின் நிழல் தெரியும். சவுதி அராம்கோ 2020இல் சாபிக் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் 70 சதவீதப் பங்கைச் சுமார் 69 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2030 வரை எண்ணெய்த் தேவையில் கூடப்போகும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிளாஸ்டிக் முதலான பெட்ரோவேதிப் பொருட்களுக்கே போகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் சொல்லியிருந்தது. எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடினால் என்ன ஆகும் என்பதும் இப்போதே தெரிகிறது. சீனாவில் புது ஆலைகள் வரிசையாக வந்து பிளாஸ்டிக் மூலப்பொருள் தேவைக்கு மேல் குவிந்துகிடக்கிறது, ஐரோப்பாவில் பழைய ஆலைகளை மூடுகிறார்கள். புகைக்குப் பதில் பிளாஸ்டிக் குப்பை என்ற மாற்றத்தைப் பசுமைப் புரட்சி என்று விளம்பரம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு வழி போனவர்களும் உண்டு. இத்தாலியின் எனி நிறுவனம் வெனிஸ் அருகே இருந்த தன் சுத்திகரிப்பு ஆலையை 2014இல் தாவர எண்ணெய், கழிவு எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆலையாக மாற்றியது. ஜெர்மனியின் வெஸ்ஸலிங்கில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பதை நிறுத்தி, அங்குள்ள ஒரு பெரிய அலகை உயர்தர மசகு எண்ணெய் செய்ய மாற்றுவது என ஷெல் 2024 ஜனவரியில் முடிவெடுத்தது. மின்காருக்கு எஞ்சின் ஆயில் வேண்டாம், ஆனால் பேட்டரியைக் குளிர்விக்கும் திரவங்களுக்கு இதே ரக எண்ணெய் உதவும்.

பேட்டரி என்றதும் இன்னொன்று. அதன் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்புப் படலம் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன். எதிர்மின் முனையில் இருக்கும் கிராஃபைட் சுரங்கத்திலிருந்தும் வரலாம், செயற்கையாகவும் செய்யலாம். செயற்கை வகைக்கு நல்ல மூலப்பொருள் ஊசிக் கரி, அதைச் செய்வது மேலே பார்த்த உடைப்பில் வரும் ஆவியைப் பிரிக்கும்போது அடியில் தேங்கும் கனமான கசட்டெண்ணெயிலிருந்து. அதைக் கரியாக்கி, பிறகு 3000 டிகிரியை ஒட்டிச் சுட்டால் கிராஃபைட். இங்கிலாந்தில் பிலிப்ஸ் 66 நிறுவனத்தின் ஹம்பர் ஆலை பேட்டரிக்கான கரியை இப்படித்தான் தருகிறது.

"அப்படியானால் எண்ணெய் கம்பெனி தப்பித்துவிடுமா?" என்றால் அளவைப் பாருங்கள். ஒரு மின்காரில் இருக்கும் கிராஃபைட் சில பத்து கிலோ, பெரிய கார் என்றால் நூறை நெருங்கலாம், அதுவும் வாங்கும்போது ஒரே ஒருமுறை. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் ஆண்டுக்கு 1000 லிட்டர், அதாவது முக்கால் டன் குடிக்கும். 15 ஆண்டில் 11 டன். அந்த 11 டன்னுக்கு ஈடாகப் பிளாஸ்டிக், மசகு எண்ணெய், கரி எல்லாவற்றையும் கூட்டினாலும் பக்கத்தில்கூட வராது, ஆகவே ஆலைகள் சில மூடத்தான் போகின்றன. முதலில் மூடுவது, கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்க மட்டும் தெரிந்த, உடைக்கும் கோபுரம் இல்லாத சின்ன ஆலைகளாக இருக்கும்.