போர்மியுலா எண்டா சூத்திரமா, வாய்ப்பாடா?

"அந்த செல்லில போர்மியுலா கிடக்கு, கை வைக்காதையுங்கோ" எண்டு ஒபிஸ் வழிய எக்செல் ஷீற்றைக் காட்டிச் சொல்லிச் சொல்லியே கனபேருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு பயம் வந்திட்டுது. லத்தீனில ஃபோர்மா எண்டா வடிவம், அதைச் சின்னதாக்கிச் சொல்றதுதான் ஃபோர்முலா, சின்ன வடிவம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ரோமாபுரியில வழக்குப் பேச ஒரு மாறாத வாசகம் இருந்தது, அதுக்கும் இதுதான் பேர், கணக்குக்கும் கெமிஸ்ரிக்கும் வந்ததெல்லாம் பிறகு. 1979 இல எக்செல் மாதிரி விசிகல்க் எண்ட புரோகிராம் வந்தாப்பிறகு கொம்பியூட்டர் விரிதாளுக்குள்ளயும் வந்து குந்தீட்டுது.

தமிழில ரெண்டு சொல் ஓடுது. தமிழ்நாட்டில வாய்ப்பாடு எண்டும் எழுதுவினம், ஆனா யாழ்ப்பாணத்தில வாய்ப்பாடு எண்டா ஈரெண்டு நாலு, பாடமாக்கிற சாமான். எக்செலில பாடமாக்க ஒண்டுமில்லை, அதால எனக்கு அது ஒட்டேல்ல. எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில சூத்திரம்தான். வடசொல், அடியில நூல், தைக்கிற நூல் எண்டுதான் அர்த்தம், தனித்தமிழில நூற்பா. நன்னூல் எண்ட இலக்கணப் புத்தகத்தில பவணந்தியார் சூத்திரம் எப்பிடி இருக்கவேணும் எண்டு சொல்லியிருக்கிறார், எழுத்துக் கொஞ்சம், பொருள் கன, கண்ணாடியில தெரியிற மாதிரித் தெளிவு. நல்லூர் நாவலர் காண்டிகையுரை எழுதின அதே நன்னூல்தான். இதுக்கு மேல போர்மியுலாவுக்கு என்ன விளக்கம் வேணும்? அகராதியில சூத்திரத்துக்கு இயந்திரம் எண்டும் ஒரு பொருள் இருக்கு, அதுவும் சரி, ஒருக்காப் பூட்டிவிட்டா எண் மாற மாறத் தானே ஓடும்.

சம்பள ஷீற் ஒண்டைப் பாருங்கோ. பி நிரலில அடிப்படைச் சம்பளம், டி1 கலத்தில, அதாவது செல்லில, ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டுற 8%. சி2 இல =பி2*டி1 எண்டு அடிச்சா முதல் ஆளுக்குச் சரியா வரும், அதைக் கீழ இழுத்துக் கொப்பி பண்ணின உடன மற்ற எல்லாருக்கும் பூச்சியம். ஏனெண்டா இழுக்கேக்க டி1 உம் சேர்ந்து டி2 ஆகி டி3 ஆகி வெறுங்கலத்துக்குப் போயிடுது. சூத்திரத்துக்குள்ள இருக்கிற டி1 இல கேர்சரை வைச்சு எஃப்4 ஐ அமத்துங்கோ, டொலர் அடையாளம் ரெண்டு விழுந்து =பி2*$டி$1 ஆகும், இனி எவ்வளவு இழுத்தாலும் அசையாது. சிலர் கரைச்சலே வேண்டாமெண்டு நேர 0.08 ஐ அடிச்சு விடுவினம், விடையும் சரியாத்தான் வரும், ஆனா ஆறு மாதம் கழிச்சுப் பாக்கிற ஆளுக்கு அது என்ன 0.08 எண்டு விளங்காது, தெளிவு இல்லாட்டி நன்னூல் கணக்கில அது சூத்திரமே இல்லை.

பயம் போக ஒரே வழி, மற்றவை போட்டதை வாசிக்கிறது. செல்லைத் தெரிஞ்சு எஃப்2 அமத்தினா எந்தெந்தக் கலத்திலயிருந்து எடுக்குது எண்டு நிறம் நிறமாக் காட்டும், பாத்திட்டு எஸ்கேப் அடிச்சா ஒண்டும் மாறாது. முதலாளி போடுற 12% க்கும் ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி 3% க்கும் டி1 க்குப் பக்கத்திலயே ரெண்டு கலம் ஒதுக்கி, பேரும் எழுதி வையுங்கோ.