ஸ்டோமா: இலையில் ஒன்று, வயிற்றில் ஒன்று

குடல் அறுவை சிகிச்சைக்கு முன் “ஸ்டோமா வைக்க வேண்டி வரலாம்” என்று மருத்துவர் சொல்வார். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தால் இலைப் படங்களும் வந்து நிற்கும். ஸ்டோமா பராமரிப்புச் செவிலியராக நான் பார்க்கும் சிலர் கேட்பார்கள்: “இதுவும் அப்படித் தானாகத் திறந்து மூடுமா சிஸ்டர்?” நியாயமான கேள்விதான்.

கிரேக்க மொழியில் ஸ்டோமா என்றால் வாய். தாவரவியலில் அது இலைத்துளை. ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கமும் காப்புச் செல்கள் உண்டு. அவற்றுக்குள் பொட்டாசியம் அயனிகள் சேர்ந்தால் தண்ணீரும் கூடவே நுழையும். செல்கள் விம்மி வளைய, துளை திறக்கும். தண்ணீர் வெளியேறினால் தளர்ந்து மூடிக்கொள்ளும். வறட்சிக் காலத்தில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் துளைகளை மூட வைத்துச் செடியின் ஈரத்தைக் காக்கிறது.

வயிற்றில் இருப்பது அறுவை மருத்துவர் உண்டாக்கியது. குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்து தோலோடு தைத்திருப்பார். சிறுகுடலின் கடைப்பகுதி என்றால் இலியாஸ்டமி, பெருங்குடல் என்றால் கொலாஸ்டமி. சிறுநீருக்காக வைப்பது யூராஸ்டமி. ஆசனவாயில் இருக்கும் சுருக்குத்தசை இங்கே கிடையாது. மலமோ காற்றோ வரும்போது ஸ்டோமா உள்ளவரால் நிறுத்த முடியாது, அதைப் பிடிக்கத்தான் ஸ்டோமாவின் மேல் ஒட்டும் பை. “கொஞ்சம் அடக்கிப் பழகேன்” என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள். முடியாத ஒன்றைக் கேட்டு அவரைக் கூனிக்குறுக வைக்கிறோம்.

இன்னொன்று, தொட்டாலோ கீறினாலோ ஸ்டோமாவில் வலி தெரியாது. பெல்ட் அழுத்தினாலும், பையின் விளிம்பு அறுத்தாலும் உடல் எச்சரிக்காது. அதனால் பை மாற்றும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ, கன்னத்தின் உள்பக்கம் போல ஈரமாக இருந்தால் நல்லது. துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிவது சகஜம். ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றைப் பிடித்திழுக்கும் வலியோடும் வாந்தியோடும் பல மணி நேரம் எதுவும் வெளியே வராவிட்டாலும் அப்படித்தான்.

சுற்றியுள்ள தோல் எரிவதைப் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்கத் தேவையில்லை. இலியாஸ்டமியில் வருவதில் செரிமான நொதிகள் இருக்கும். பையைத் தோலில் ஒட்டிப் பிடிக்கும் பைத்தகட்டின் துளை பெரிதாக இருந்தால் அவை தோலை அரிக்கும். அறுவைக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். மருத்துவமனையில் வெட்டிக் கொடுத்த அளவையே வைத்திருக்காமல் அவ்வப்போது அளந்து, ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள். பாரம் கூடினால் தகடு இழுபட்டுக் கசியும். குளிக்கலாம், தண்ணீர் படலாம்.

இலியாஸ்டமி உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்ச வேண்டிய பெருங்குடல் வழியில் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாகமாக இருக்கிறதே என்று வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இன்னும் வெளியேறும். அப்போது தேவை ஓஆர்எஸ் கரைசல். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் சில சமயம் முழுசாகவே பையில் விழும். எந்த மருந்து வாங்கினாலும் இலியாஸ்டமி இருப்பதைச் சொல்லுங்கள். மலத்தை இளக்கிப் பேதியாக்கும் மருந்து பக்கமே போகக் கூடாது.

அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால், ஸ்டோமா வரும் இடத்தை முன்கூட்டியே வயிற்றில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நிற்க, உட்கார, குனியச் சொல்லி, மடிப்பும் தழும்பும் இடுப்புக் கட்டும் படாத, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்துக் குறிப்போம். அவசர அறுவையில் இதற்கு நேரம் இருக்காது. திட்டமிட்ட அறுவையில் கட்டாயம் இருக்கிறது.