ஈயம் வைத்த சுவிட்சை இழுக்காதீர்கள்

சுங்கை சிப்புட்டில் மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் என் கடைக்கு இந்த வாரமும் ஒரு பழைய சிறிய விசைப்பலகை வந்து சேர்ந்தது. தோட்ட அலுவலகத்தில் பழைய கணினிகளைக் கழித்தபோது, ஒரு தம்பி ஆசையோடு கேட்டு வாங்கிய செர்ரி நிறுவனத்தின் ஜி80-1800 மாடல் அது. ஓர் எழுத்தை ஒரு முறை தட்டினால் இரண்டு முறை விழுந்ததால், ஆன்லைனில் வாங்கிய இடுக்கியைக் கொண்டு அந்த விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சைப் பிடித்து இழுத்திருக்கிறார். சுவிட்ச் கையோடு வந்துவிட்டது. அதன் கால்களைச் சுற்றியிருந்த தாமிர வளையங்களும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலிருந்து பிய்ந்து கூடவே வந்துவிட்டன.

தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள். காணொளிகளில் சுவிட்சை இழுத்துவிட்டு வேறொன்றைச் செருகுகிறார்களே, அது சாக்கெட் பொருத்திய புதிய விசைப்பலகை. அதில் சுவிட்சின் கால்களை ஒரு சிறிய தகடு கவ்விப் பிடித்திருக்கிறது, இழுத்தால் விட்டுவிடும். பழையவற்றில் சாக்கெட் கிடையாது. கால்கள் போர்டின் பின்பக்கத்தில் ஈயத்தால், அதாவது சோல்டரால், பற்றவைக்கப்பட்டிருக்கும். சுவிட்ச் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதாலும், அந்த இடுக்கி அதன் தலையில் கச்சிதமாகப் பொருந்துவதாலும், அதுவும் கழலும் என்று ஆகிவிடாது. அதிலும் பல பழைய போர்டுகளில் தாமிரம் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். அதைப் பிடித்திருப்பது வெறும் பசை மட்டுமே. ஆகவே திருகைக் கழற்றி, மூடியைத் திறந்து, பின்பக்கத்தைப் பார்க்காமல் எதையும் இழுக்காதீர்கள். கால்களைச் சுற்றி ஈயம் தெரிந்தால் அந்த இடுக்கிக்கு அங்கே வேலை இல்லை.

மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் முதலில் பாருங்கள். ஒரு வரிசை முழுவதும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு சுவிட்சில் இருப்பது அரிது. போர்டில் ஓடும் தாமிரத் தடத்தையோ, விசைகளைப் படிக்கும் கன்ட்ரோலர் சில்லையோ பார்க்க வேண்டும். ஒரு விசை மட்டும் செத்திருந்தால், கணினியோடு இணைப்பில் இருக்கும்போதே அதன் சுவிட்சின் இரு கால்களையும் ஒரு கம்பியால் தொட்டுப் பாருங்கள். எழுத்து திரையில் விழுந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் பழுது. எழுத்து இரண்டு முறை விழும் கோளாறு, சுவிட்சின் நடுவில் அழுங்கும் தண்டை அழுத்தியபடி ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுப் பலமுறை தட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். எண்ணெய் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள்.

மாற்றுவதற்கு வாங்கும் சுவிட்சும் பொருந்த வேண்டும். செர்ரியின் எம்எக்ஸ் வகைச் சுவிட்ச் உட்காரும் தகட்டுத் துளை 14 மி.மீ. சதுரம், ஆல்ப்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் சுவிட்சுக்கு 15.5 × 12.8 மி.மீ., ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. செர்ரி ஜி84-4100 போன்ற குட்டையான பலகைகளில் இருப்பது எம்எல் வகை. எம்எக்ஸ் அங்கே பொருந்தாது. சில பழைய செர்ரி சுவிட்சுகளின் உள்ளேயே, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்சைப் போட்டால், டயோடைத் தனியாக வைத்தாக வேண்டும்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். பழைய ஈயத்தின்மேல் முதலில் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கி விடுங்கள். இரண்டும் கலந்தால் முழுவதும் சீராக உருகும், உருகிய ஈயத்தை இழுக்கும் உறிஞ்சு பம்ப் ஒரே மூச்சில் எடுத்துவிடும். பினாங்கு பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த நம் அக்காமார்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சூட்டுக்கோல் 320 முதல் 350 டிகிரிக்குள் இருக்கட்டும், ஓரிடத்தில் சில நொடிகளுக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு கால்களும் துளைக்குள் தளர்ந்து ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே சுவிட்சை எடுங்கள். வர மறுத்தால் எங்கோ ஈயம் மிச்சமிருக்கிறது என்று பொருள், பலம் கொடுக்காதீர்கள். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். பழைய ஈயத்தில் உண்மையிலேயே காரீயம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு வளையம் பிய்ந்துவிட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். பசை வைத்து ஒட்டவோ, ஈயத்தைக் குவித்து அடைக்கவோ வேண்டாம். தடம் போகும் அடுத்த புள்ளிவரை ஒரு மெல்லிய கம்பியை இழுத்துச் சரிசெய்துவிடலாம். அதற்கு அந்த இடம் மேலும் கருகாமல் எங்களிடம் வந்து சேர வேண்டும்.