கடைத் திருட்டு வழக்கு: முதல் சில வாரங்களைக் கடப்பது

கடைத் திருட்டு வழக்கில் பெயர் சேர்ந்த பிறகு ஆலோசனைக்கு வருபவர்கள் தண்டனையைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள். முதல் கேள்வி, "இனி தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?" எடுத்த பொருள் ஒரு ஷாம்பு பாட்டிலாக இருக்கலாம், ஒரு சுடிதாராக இருக்கலாம். வெட்கம் விலைப்பட்டியல் பார்ப்பதில்லை. அந்த வெட்கம் வழக்கைவிடப் பெரிய சேதம் செய்யும். வக்கீலிடம் பாதியை மறைக்கச் சொல்லும், வாய்தாவுக்குப் போகவிடாது, சிலரைத் தற்கொலை எண்ணம்வரை தள்ளும்.

முதல் சில நாட்கள் மிகவும் ஆபத்தானவை. ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியவரை இரவில் தனியாக விடாதீர்கள். எலி மருந்து, பூச்சிக்கொல்லி, வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உள்ளே அடைத்துவைத்திருப்பவருக்கு அது ஒரு வாசல் திறந்த மாதிரி. ஆம் என்று சொன்னால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது 108ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தற்கொலைக்கு முயன்றால் அதுவும் ஒரு கேஸ் ஆகுமோ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

படுத்தால் தூக்கம் வராது. "பையைத் திறங்க" என்ற குரலும், பில் போட வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் மறுபடி மறுபடி ஓடும். இதற்கு உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. பகலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நடந்ததை நேர வரிசைப்படி ஒரே ஒரு முறை தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கடைக்குள் போனீர்கள், எதை எடுத்தீர்கள், எங்கே தடுத்தார்கள், யார் சோதித்தார்கள், எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். வக்கீல் கேட்கப்போவதும் இதைத்தான். எழுதி வைத்ததை மறந்துவிடுவோமோ என்று மூளை காவல் காக்க வேண்டியதில்லை, அதனால் ஓட்டம் கொஞ்சம் தணியும். ஆனால் அந்தத் தாளை வக்கீலைத் தவிர யாரிடமும் கொடுக்காதீர்கள், படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். இரவில் காட்சி மறுபடி வந்தால் நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். பத்து முறை போதும். தூங்குவதற்காகக் குடிக்காதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பயம் இன்னும் கூடும்.

பயத்தில் பாதி, என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில், முதல் முறை திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் முறையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று 305ஆம் பிரிவைப் போட்டிருந்தால் அதிகபட்சம் ஏழு ஆண்டு. ஆகவே எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமும் நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது.

வெட்கம் தாங்காமல் கடை மேனேஜருக்குப் போன் செய்து காலில் விழுவது, மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்புவது, ரசீது இல்லாமல் பல மடங்கு பணம் கட்டுவது, இவற்றையெல்லாம் அடிக்கடி பார்க்கிறோம். அந்த நேரத்துக்கு மனம் லேசாகும். பிறகு அந்தக் கடிதமே சாட்சியாக வந்து நிற்கலாம். சமரசம் வேண்டுமென்றால் வக்கீல் மூலமாக மட்டும் பேசுங்கள்.

வீட்டில் யாரிடம் சொல்வது? முதலில் ஒரே ஒருவரிடம், உங்களை அடிக்காத, ஊரெல்லாம் பேசாத ஒருவரிடம். நீளமாக விளக்க வேண்டாம். "கடையில் பொருள் எடுத்ததாக என் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள். வக்கீல் பார்க்கிறார். இப்போது இதற்கு மேல் பேச முடியவில்லை, கூட இரு" என்றால் போதும். பிள்ளைகள் பள்ளியில் கேள்விப்படும் முன்னால், அவர்கள் வயதுக்கு ஏற்ற இரண்டு வாக்கியத்தில் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று நாளைக்கு ஐம்பது முறை கேட்காதீர்கள். வழக்குப் பேச்சுக்கு மாலையில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு என்று வழக்கமான பேச்சு இருக்கட்டும்.

பில் போட மறந்தவரின் மனநிலை வேறு, ஆசைப்பட்டு எடுத்தவரின் மனநிலை வேறு. முன்னவருக்குக் கோபம்தான் மேலோங்கும், அது நியாயமானது. பின்னவர் "தப்பு செய்தேன்" என்பதில் நிற்க வேண்டும். "நானே தப்பு" என்று போனால் திருந்துவதற்கு இடமே இல்லாமல் போய்விடும்.

மூன்றாவது வகையினரைப் பலரும் கவனிப்பதில்லை. கையில் காசு இருக்கும், பொருள் தேவையே இருக்காது. எடுப்பதற்கு முன் நெஞ்சில் ஓர் இறுக்கம், எடுத்ததும் ஒரு விடுதலை, வீட்டுக்கு வந்ததும் அருவருப்பு. எடுத்தது பிரிக்கப்படாமலேயே பீரோவில் கிடக்கும். இது கிளெப்டோமேனியாவாக இருக்கலாம். கைதாகும் கடைத் திருடர்களில் 4 முதல் 24 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் கையேடு சொல்கிறது. இவர்கள் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்வார்கள், அதை உண்மையாகவே செய்வார்கள். ஆனாலும் வழக்கின் பதற்றமே இறுக்கத்தைக் கூட்டுவதால் சில வாரங்களில் மறுபடி கை போய்விடலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடத்தைச் சிகிச்சை இருக்கிறது, நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை உதவியதாக 2009இல் வெளியான ஒரு சிறிய ஆய்வும் இருக்கிறது. ஆனால் இந்த நோய்ப் பெயரைச் சொன்னாலே வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். மனநலம் குன்றியவர் என்று விலக்கு அளிக்கும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவின் அளவுகோல் மிகக் கடினமானது. ஐம்பது அறுபது வருடம் நேர்மையாக வாழ்ந்தவர் திடீரென இப்படிச் செய்தால் மூளை நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள். முன்மூளையைத் தாக்கும் மறதி நோய் இப்படித் தொடங்கலாம். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல் போன்ற மருந்துகளாலும் கட்டுப்பாடு தளரலாம்.

வாய்தா நாளுக்கு முந்தைய இரவு மிக மோசமாக இருக்கும். நடப்பதோ பெரும்பாலும் இதுதான்: காலையிலிருந்து காத்திருப்பு, பெயர் கூப்பிடுவார்கள், ஒரு நிமிடம், அடுத்த தேதி. இதைத் தெரிந்து போனால் ஏமாற்றம் குறையும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒரு முறை மட்டும். முகம் காட்டக் கூச்சப்பட்டுப் போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும், அப்போது வீட்டு வாசலுக்கே போலீஸ் வரும்.

வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால் அதற்காகவே வேலை போகலாம்.

கடைசியாக, கடைகள். வழக்கு நடக்கும் கடைப் பக்கம் போக வேண்டாம். மற்ற கடைகளையும் மாதக் கணக்கில் தவிர்த்தால் பயம் வேர்விட்டுவிடும். முதல் வாரம் ஒரு கடையைத் தாண்டி நடங்கள். அடுத்து, பை இல்லாமல், துணையோடு தெருமுனை மளிகைக் கடையில் சீட்டில் எழுதிய மூன்று பொருள் மட்டும் வாங்குங்கள். பிறகு பெரிய கடை, கையில் கூடை, வாசலைத் தாண்டும்வரை பில் விரலிடுக்கில் இருக்கட்டும். எடுக்கும் உந்துதல் உள்ளவர்கள் தனியாகப் போக வேண்டாம். இறுக்கம் தொடங்கியதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து பதினைந்து நிமிடம் நடங்கள். எந்தக் கட்டத்திலாவது கை நடுங்கினால் அன்றைக்கு அங்கேயே நிறுத்தி, மறுநாள் அதே கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.