சுரங்க வாயிலில் வரும் குளிர்காற்று

போன கோடையில் என் அக்கா மகன் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ஒரு படம் அனுப்பினான். நியூ ரிவர் பள்ளத்தாக்கில், 1962-இல் மூடப்பட்ட கேமூர் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயில் அது. கம்பிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறான். "மாமா, ஏசி மாதிரி ஜில்லுனு காத்து வருது" என்று கீழே எழுதியிருந்தான். உடனே கூப்பிட்டு, முதலில் அங்கிருந்து தள்ளி வா என்றேன்.

நிலத்தடிச் சுரங்கங்களில் காற்றோட்டம் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்தக் குளிர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும். அது சுரங்கத்தின் உள்ளே கிடந்த காற்று. எடுக்காமல் விட்ட நிலக்கரியும், முட்டுக்கொடுத்து மக்கிப்போன மரங்களும் அதிலுள்ள ஆக்சிஜனை வருடக்கணக்கில் தின்றிருக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும்தான். கண்ணுக்கும் தெரியாது, மணமும் இருக்காது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். 16 அளவுக்கு இறங்கினால் சுரங்கத்தில் கொண்டுபோகும் சுடர் எரியும் சேஃப்டி விளக்கு அணைந்துவிடும். 10-க்குக் கீழே போனால் ஆள் மயங்கி விழுவார். கால் தளர்வதற்கு முன்பே புத்தி மங்கிவிடுவதால், திரும்பி ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றாது.

நேற்று போனவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதையும் நம்ப முடியாது. மழைக்கு முன் வெளியே காற்றழுத்தம் குறையும்போது சுரங்கம் மூச்சை வெளியே விடும். ஒருமுறை கைவிட்ட பாதை ஒன்றின் வாயிலில் காலையில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைப் பிடித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மாலையில் மேகம் கூடியதும் அதே இடத்தில் மீட்டர் அலறியது. இடையில் மாறியது வானிலை மட்டும்தான். இன்னொன்றும் உண்டு. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால், வெடிக்க ஒரு தீப்பொறி போதும். அதே மேற்கு வர்ஜீனியாவில் மோனோங்கா சுரங்கம் 1907 டிசம்பர் 6 அன்று வெடித்ததில், அரசுக் கணக்கின்படியே 362 பேர் இறந்தார்கள்.

கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விடுவது வௌவால்கள் போய்வருவதற்காக. தயவுசெய்து அதில் பிள்ளைகளை நுழைய விடாதீர்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே ஓடாதீர்கள், மீட்புக் குழுவை அழையுங்கள். காப்பாற்றப் போனவரும் பிணமாக வந்த கதைகள் இந்தத் தொழிலில் நிறைய.

அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசியம் போய்ப் பாருங்கள். நம்மில் பலருக்குத் தெரிந்தது நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கம்தான். மலையைக் குடைந்து கரி எடுத்த வாழ்க்கை எப்படி இருந்தது என்று அதே பள்ளத்தாக்கில் உள்ள நட்டால்பர்க் காட்டும். இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் நட்டால் 1870-களில் தொடங்கிய ஊர் அது. தன் கார் ஆலைக்கு வேண்டிய எஃகுக்கான கரி தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று 1920-களில் ஹென்றி ஃபோர்டு அந்தச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மேலே வெட்டிய கரி நொறுங்காமல் இறங்க, கயிற்றில் இரும்புத் தட்டுகளைக் கோத்து, சுமார் 420 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் ஓடவிட்டார்கள். அந்த அமைப்பு இன்றும் நிற்கிறது. ரயில் பாதை அவர் கையில் இல்லாததால் திட்டம் பலிக்கவில்லை, 1928-இல் கைமாற்றிவிட்டார். சுரங்கம் 1958-இல் மூடப்பட்டது. கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனிக் குடியிருப்பு, தனித்தனிப் பள்ளி, தனித்தனித் தேவாலயம். உள்ளே ஒரே கரித்தூசியைத்தான் எல்லோரும் சுவாசித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

இவை எல்லாவற்றையும் வெளியில் நின்றே பார்க்கலாம். நிலக்கரியைச் சுட்டு எஃகு ஆலைக்கான கோக் ஆக்கிய பழைய அடுப்புகளின் மேல் ஏறாதீர்கள், பழைய செங்கல் சரியும். புதருக்குள் கையை விடாதீர்கள், விஷப் பாம்புகள் உண்டு. நட்டால்பர்க் போகும் சாலை மிகக் குறுகல், பெரிய வண்டி வேண்டாம். அப்புறம் கேமூரில், சுரங்க மட்டத்திலிருந்து அடிவாரத்துக்கு 821 படிகள். இறங்குவது சுலபம். முழங்கால் வலியோ இதய நோயோ உள்ள பெரியவர்கள் மேலேயே நின்றுகொள்ளட்டும். இறங்குகிறவர்கள் திரும்பி ஏறத் தேவையான தண்ணீரை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.