ஆண்டெனா கேபிளின் இழப்பும் கவசமும்

கூரையிலுள்ள ஆண்டெனா சேகரிக்கும் தொலைக்காட்சிச் சமிக்ஞையை எந்தக் கேபிளாலும் கூட்டித் தர முடியாது. வழியில் குறைவாக இழப்பதும், வெளியிலிருந்து வேண்டாத சமிக்ஞைகளை உள்ளே விடாமலிருப்பதும் மட்டுமே அதன் வேலை. அறைகளுக்கு ஆண்டெனா இணைப்பு கொடுக்க விரும்புவோர் கடையில் பெரும்பாலும் இழப்பைப் பற்றியே விசாரிக்கிறார்கள். ஆனால் சாதாரண அளவுள்ள ஒரு வீட்டில் கவசமும் இணைப்புகளுமே அதிகத் தொல்லை தருகின்றன என்பது என் மதிப்பீடு.

ஆண்டெனாவுக்குப் பயன்படும் கோ-ஆக்சியல் கேபிளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு கம்பியும், அதைச் சுற்றி நுரைத்த பாலிஎத்திலீனும், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தாளும், பின்னிய கம்பி வலையும், எல்லாவற்றுக்கும் வெளியே ஓர் உறையும் தெரியும். தாளும் வலையும் சேர்ந்ததே கவசம். சமிக்ஞையின் ஆற்றல் நடுக்கம்பிக்குள் ஓடுவதில்லை. கம்பிக்கும் தாளுக்கும் இடைப்பட்ட நுரையினூடே மின்காந்த அலையாகச் செல்கிறது. அந்த அலைக்குக் கரைகளாக அமையும் உலோகங்களில் மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் மட்டுமே பாய்கிறது. 500 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அந்த அடுக்கின் தடிமன் சுமார் 3 மைக்ரோமீட்டர்தான். ஆகையால் செம்பு பூசிய எஃகுக் கம்பியும் முழுச் செம்புக் கம்பியும் தொலைக்காட்சி அலைவரிசைகளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இயங்குகின்றன. அதே கேபிள் வழியாக ஆண்டெனாக் கம்பத்திலுள்ள பெருக்கிக்கோ, டிஷ்ஷின் முன்னே பொருத்தியிருக்கும் சமிக்ஞை வாங்கியான எல்என்பிக்கோ நேர்மின்சாரம் அனுப்ப வேண்டியிருந்தால் நிலைமை வேறு. நேர்மின்சாரம் கம்பி முழுவதிலும் பரவி ஓடுவதால், செம்பு பூசிய எஃகின் மின்தடை அதே தடிமனுள்ள செம்பைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகிறது. நீண்ட ஓட்டங்களில் முழுச் செம்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு இது ஒன்றே உறுதியான காரணம்.

தொலைக்காட்சிக் கேபிள்கள் 75 ஓம் மின்மறுப்புடன், அதாவது அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் 75 ஓமாக அமையும்படி, தயாரிக்கப்படுகின்றன. இடையில் காற்று மட்டுமே இருக்கும் கேபிளில் வெளிக்கடத்தியின் விட்டம் நடுக்கம்பியைப்போல 3.6 மடங்காக இருக்கும்போது இழப்பு மிகக் குறைகிறது; அந்த நிலையில் மின்மறுப்பு சுமார் 77 ஓம். அலைநீளத்தில் பாதியளவுள்ள, நடுவில் இணைப்புக் கொண்ட அரையலை இருமுனை ஆண்டெனாவின் மின்மறுப்பும் 73 ஓமுக்கு அருகில் அமைகிறது. பெருக்கி, பிரிப்பான், தொலைக்காட்சிப் பெட்டி என எல்லாமே இந்த 75 ஓமை எதிர்பார்த்தே வடிவமைக்கப்படுவதால், வழியில் எங்கே இந்த மதிப்பு மாறுகிறதோ அங்கே அலையின் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. கேபிளைக் கூர்மையாக மடித்தால் நுரை நசுங்கி அந்த இடத்தின் மின்மறுப்பு குறைந்துவிடும். கேபிள் விட்டத்தின் பத்து மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைப்பது பாதுகாப்பானது.

இன்னொரு அறைக்கு இணைப்பு வேண்டும் என்பதற்காக இரண்டு கேபிள்களின் முனைகளை முறுக்கிச் சேர்ப்பது இதைவிடப் பெரிய கெடுதல். இரு 75 ஓம் பாதைகள் இணையாகச் சேரும்போது வரும் அலைக்கு 37.5 ஓம்தான் தெரியும். அதன் ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்கு ஆண்டெனாவை நோக்கித் திரும்பிவிடும். ஓர் அறையின் இணைப்பில் பெட்டி செருகப்படாமல் இருந்தால் விளைவு இன்னும் விசித்திரமாக இருக்கும். அந்தக் கிளையின் நீளம் கேபிளுக்குள் செல்லும் அலையின் நீளத்தில் கால் பங்காகவோ, அதன் ஒற்றைப்படை மடங்காகவோ அமைந்துவிட்டால், திறந்து கிடக்கும் முனை சந்திப்பில் குறுக்குச் சுற்றாகத் தோற்றமளித்து, அந்த அலைவெண்ணிலுள்ள சேனல்களை மற்ற அறையில் அடியோடு மறைத்துவிடும். ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தீராத சில கோளாறுகளுக்கு இதுவே மூலம். முறையான பிரிப்பானை வைத்து, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்து, பயன்படாத முனைகளில் 75 ஓம் மூடியைத் திருகிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

இனி இழப்புக்கு வருவோம். அது டெசிபலில் அளக்கப்படுகிறது; 3 டெசிபல் இழந்தால் ஆற்றல் பாதியாகிவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-6 வகைக் கேபிள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 17 டெசிபலும், அதைவிட மெல்லிய ஆர்ஜி-59 ஏறத்தாழ 20 டெசிபலும் இழக்கின்றன. 20 மீட்டர் ஓட்டத்தில் இவற்றின் வேறுபாடு ஒரு டெசிபலுக்கும் குறைவு. நான்கு வழிப் பிரிப்பான் ஒன்று மட்டுமே 7 முதல் 8 டெசிபல் வரை எடுத்துக்கொள்கிறது என்பதை நினைத்தால், கேபிளின் தடிமனைப் பற்றிய கவலை எவ்வளவு தேவை என்பது விளங்கும். அலைவெண் உயர உயர இழப்பும் உயர்வதால், டிஷ்ஷிலிருந்து வரும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையான சமிக்ஞைக்கு ஆர்ஜி-59 பொருந்தாது. அதற்கு ஆர்ஜி-6 வேண்டும், மிக நீண்ட ஓட்டங்களுக்கு இன்னும் தடித்த ஆர்ஜி-11 நல்லது. இந்தப் பெயர்கள் பழைய இராணுவத் தர அட்டவணையிலிருந்து வந்தவை. இன்று அவை தோராயமான அளவை உணர்த்துகின்றனவே தவிரத் தரத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. தயாரிப்பாளரின் இழப்பு அட்டவணையைப் பார்ப்பதே சரியான வழி.

சமிக்ஞை நலிந்த இடங்களில் பெருக்கியை ஆண்டெனாவின் அருகிலேயே வைக்க வேண்டும். கேபிளில் இழந்த பிறகு பெருக்கினால், சமிக்ஞையோடு சேர்ந்து இரைச்சலும் அதே அளவு பெருகும். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையே இழந்த வேறுபாடு மீளாது. டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் படிப்படியாக மங்குவதும் இல்லை. பிழைதிருத்தம் ஈடுகொடுக்கும் வரை படம் குறையின்றித் தெரியும். அந்த எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து மறையும். எல்லைக்கு மேலே போதிய இடைவெளி இருக்கும் வீட்டில் விலை உயர்ந்த கேபிள் படத்தை மேலும் தெளிவாக்காது.

கவசத்தின் கதை வேறு. முன்பு தொலைக்காட்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்த 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் பல நாடுகளில் கைப்பேசிச் சேவைகளுக்கு மாறிவிட்டன. ஆண்டெனா தரும் நலிந்த சமிக்ஞைக்குப் பக்கத்து அலைவெண்ணிலேயே, அதே அறையிலிருக்கும் கைப்பேசி பன்மடங்கு வலுவாக ஒலிபரப்புகிறது. தாள் இல்லாமல் இடைவெளி விட்டுப் பின்னிய வலையை மட்டும் கொண்ட பழைய கேபிள்கள் இதைத் தடுக்கத் திணறுகின்றன. முழுமையாகச் சுற்றிய தாள் உயர் அலைவெண்களை மறிக்க, அதன்மேல் அடர்ந்த வலை தாழ்ந்த அலைவெண்களைக் கவனித்துக்கொண்டு, இணைப்பானுக்கு உறுதியான பிடிப்பையும் தருகிறது. ஐரோப்பியத் தரநிலையின்படி 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்தது 85 டெசிபல் தடுப்பது ஏ வகுப்பு, 95 டெசிபல் தடுப்பது ஏ பிளஸ் வகுப்பு. வீட்டுக்கு ஏ வகுப்பே போதும். கைப்பேசிக் கோபுரம் அருகிலிருந்தால் அடுத்ததை எடுக்கலாம்.

வெயிலும் மழையும் படும் பகுதிக்குக் கருநிறப் பாலிஎத்திலீன் உறையுள்ள கேபிள் தேவை. சாதாரண வெண்ணிற பிவிசி உறை புற ஊதாக் கதிரில் வெடித்து, நீரை உள்ளே விட்டுவிடும். உள்ளே புகுந்த நீர் வலையின் வழியே பல மீட்டர் இறங்கிச் செல்லும் என்பதால், கூரை முனையிலுள்ள இணைப்பானை நீர் புகாதபடி அடைப்பது கேபிளைத் தேர்வதைப் போலவே முக்கியமானது. சுவரில் பொருத்தும் இணைப்புப் பெட்டியும் உலோகக் கவசமுள்ளதாக இருக்கட்டும். சுவரிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் ஒன்றரை மீட்டர்ச் சிறு கேபிளை மட்டும் மலிவாக வாங்கினால், சுவருக்குள் பதித்த ஏ வகுப்புக் கேபிள் தடுத்ததையெல்லாம் அது உள்ளே அனுப்பிவிடும். மிஞ்சிய நல்ல கேபிளில் ஒரு துண்டை வெட்டி, இரு முனைகளிலும் திருகி மாட்டும் எஃப் வகை இணைப்பானைப் பொருத்தி, தொலைக்காட்சிப் பெட்டியின் துளை வேறு வடிவமாக இருந்தால் ஒரு மாற்றியைச் சேர்த்துக்கொண்டால் போதும்.