ஒப்புரவு: ஒரு சொல் விளக்கம்

தவக்காலம் வந்தால் கத்தோலிக்கக் கோயில் அறிவிப்புப் பலகையில் 'ஒப்புரவு அருட்சாதனம், மாலை 5 மணி' என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுப் பெரியவர்கள், "பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் போட்டுட்டாங்க" என்பார்கள். குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கு அது. காரியம் ஒன்றுதான், சொற்கள் பார்க்கும் திசை வேறு.

பாவசங்கீர்த்தனம் வடசொல். சங்கீர்த்தனம் என்றால் விரித்து எடுத்துரைத்தல் (பஜனைக்காரர்களின் நாமசங்கீர்த்தனமும் இதே சொல்தான்). பாவத்தைச் சொல்கிறவர் ஒருவர், கேட்கிறவர் குருவானவர். யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அந்த மூன்றாம் ஆளுக்கு இந்தச் சொல்லில் இடமில்லை. பாவமன்னிப்பு என்றாலும் அப்படியே.

ஒப்புரவு 'ஒப்பு' என்பதன் வழி வந்தது. சமம், இசைவு, ஒற்றுமை எல்லாம் அதன் பொருள்கள். புராட்டஸ்டண்டு வழக்கில் இது நெடுநாளாகவே உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 5:24: "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." இதற்கு முந்தைய வசனத்தைக் கவனிக்க வேண்டும். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. அவனுக்கு உன்பேரில் குறை இருந்தால் என்றே இருக்கிறது. இயேசு இதைச் சொன்ன இடம் கலிலேயா. பலிபீடம் இருந்ததோ எருசலேமில், சில நாள் நடைதூரத்தில். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு ஊர் திரும்பி, சண்டைக்காரனைப் பார்த்துப் பேசி, மறுபடியும் நடந்து போய்ப் பலி செலுத்து என்றால் கேட்டவர்கள் மலைத்திருப்பார்கள்.

ஆனால் பலி முறைக்கே இது புதிது என்று சொல்லிவிட முடியாது. பலி முறைகளைச் சொல்லும் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமம் 6இல், ஒருவன் அபகரித்த பொருளை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுத்த பிறகே குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும். மனிதருக்கு மனிதர் செய்த குற்றத்தை, அவரைச் சமாதானப்படுத்தாத வரை பாவப்பரிகாரப் பெருநாளான யோம் கிப்பூர்கூடத் தீர்க்காது என்பது யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் தீர்ப்பு. பிரசங்கங்களில் யூதப் பலியை வெறும் சடங்கு என்று தள்ளிவிடுவது வழக்கம். அது நியாயமில்லை.

'ஒப்புரவாகி' என்ற அந்த மத்தேயு வசனத்தின் கிரேக்க வினைக்குள் 'அல்லாஸ்ஸோ', அதாவது மாற்றுதல், இருக்கிறது. பகை உறவாக மாறுவது. லத்தீன் 'ரெகன்சிலியாட்சியோ'வில் இருப்பது 'கன்சிலியும்', கூட்டம். ஆதித் திருச்சபையில் பெரும்பாவம் செய்தவர் எல்லாரும் அறியத் தவம் செய்து, ரோமில் பெரிய வியாழனன்று மறுபடி சபையோடு சேர்க்கப்பட்டார். தனியாகப் போய்க் காதோடு காதாகச் சொல்லும் முறை அயர்லாந்துத் துறவிகள் வழியாகப் பின்னால் பரவியது. 1973இல் ரோம் வெளியிட்ட சடங்குநூல் அந்தப் பழைய லத்தீன் சொல்லை முன்னுக்குக் கொண்டுவந்தது. தமிழில் அதற்கு ஒப்புரவு பொருந்திப் போனது.

வேறு சொற்களும் இருக்கின்றன. சமரசம் என்றால் பஞ்சாயத்து வாடை அடிக்கிறது. கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பு மத்தேயுவில் ஆளும் 'நல்லுறவு' எனக்குக் கொஞ்சம் வெளியுறவுத் துறை அறிக்கை மாதிரி படுகிறது.

ஒப்புரவுக்கு இன்னொரு பாரமும் உண்டு. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே சண்டையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஊருணி நீர் நிறைந்ததுபோல் ஊருக்குப் பயன்படும் செல்வம்தான் பேச்சு. அறநூல்கள் விதித்துச் சொல்லாத, தாமே அறிந்து செய்ய வேண்டிய உலகநடை என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. கோயில் பலகையில் எழுதியவர் இதை நினைத்தாரோ இல்லையோ, சொல் அதையும் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டு வழிபாட்டு முறையில் ஒரு வழக்கம் மீண்டது. காணிக்கைக்கு முன்னால் ஒருவர் கையை மற்றவர் இரு கைகளாலும் பற்றிச் சமாதானம் வழங்குவார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போகும். அப்புறம்தான் காணிக்கை.